பூட்டுப் படம் இருந்தா பயமில்லையா? எச்டிடிபிஎஸ் பத்தி நம்மட ஆக்கள் கேக்கிற கேள்விகள்

மட்டக்களப்பில போன், கம்பியூட்டர் திருத்துற கடையில நிக்கிறவனுக்கு டிஸ்பிளே உடைஞ்ச கதைக்கு அடுத்ததா வாறது இந்தக் கேள்விகள்தான். பேங்க் ஆப்ப திறக்கப் பயப்படுற ரிட்டயர்ட் டீச்சரும் கேக்காங்க, அறுகம்பையில கெஸ்ட் ஹவுஸ் நடத்துற தம்பியும் கேக்கான். ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாச் சொல்லி வாய் நோகுது, அதால எழுதி வெக்கிறன்.

எச்டிடிபிஎஸ் (https) எண்டா என்ன? தலய சுத்தாமச் சொல்லுங்க.

உங்கட போனுக்கும் அந்த சைட் இருக்கிற செர்வருக்கும் நடுவில போற வாற தகவல இடையில நிக்கிற ஆரும் வாசிக்க ஏலாத மாதிரி குழப்பி (என்கிரிப்ட் பண்ணி) அனுப்புற முறை. பழைய எச்டிடிபி எண்டா நீங்க அடிக்கிற பாஸ்வேர்ட் பச்சையாப் போகும், நடுவில உள்ள வைஃபை ரவுட்டர், சிம் கொம்பனி எல்லாத்துக்கும் விளங்கும். எச்டிடிபிஎஸ்ல அது விளங்காது, நடுவில ஆரும் ஒரு எழுத்த மாத்தினாலும் பிரவுசர் கண்டுபிடிச்சிரும், மறுகா நீங்க அட்ரஸில அடிச்ச பேருக்குரிய செர்வரோடதான் கதைக்கிறீங்க எண்டதையும் அது செக் பண்ணும். இத 1990கள்ல நெட்ஸ்கேப் கொம்பனி எஸ்எஸ்எல் எண்ட பேரில தொடங்கினது, 1999ல டிஎல்எஸ் எண்டு பேர் மாறி, இப்ப புதுசா இருக்கிறது 2018ல வந்த டிஎல்எஸ் 1.3. ஆக்கள் இன்னமும் எஸ்எஸ்எல் எண்டுதான் சொல்லுவாங்க, சொல்லிட்டுப் போகட்டும்.

கொழும்பு பஸ்ஸில பார்சல் போட்டு விடுறம்தானே, நல்லா டேப் சுத்தி, அதுமாதிரி நினைங்க. உள்ள உடுப்பா மருந்தா எண்டு கொண்டக்டருக்குத் தெரியாது (கருவாடு எண்டா தெரிஞ்சிரும், அத விடுங்க), ஆனா எங்க இறக்கோணும், எவ்வளவு பாரம், எத்தின மணிக்கு ஏத்தின எண்டதெல்லாம் தெரியும். அங்க பார்சல வாங்குற ஆள் நல்லவனா கள்ளனா எண்டது டேப்புக்குத் தெரியாது. கீழ உள்ள முக்கால்வாசிப் பதில் இதுக்குள்ளயே இரிக்கு.

பூட்டு இருந்தா அந்த சைட்ட நம்பலாம்தானே அண்ண?

இல்ல. இந்த ஒரு விசயத்த மட்டும் விளங்கிக் கொண்டா மிச்சத்த வாசிக்காட்டியும் பரவால்ல.

அட்ரஸுக்குப் பக்கத்தில பிரவுசர் காட்டுற பூட்டு சொல்லுறது என்னெண்டா, அட்ரஸில எழுதியிருக்கிற பேருக்கும் உங்களுக்கும் நடுவில ஒட்டுக் கேக்க ஏலாது, அவ்வளவுதான். அந்தப் பேர் ஆர்ட பேர், அவன் என்ன நோக்கத்தில வாங்கினவன், நீங்க குடுக்கிற கார்ட் நம்பர என்ன செய்வான், இதில ஒண்டையும் பூட்டு பாக்கிறல்ல. 2015 கடைசியில லெட்ஸ் என்கிரிப்ட் எண்டு ஒரு அமைப்பு வந்தது, அதில ஆரும் சல்லி குடுக்காம, ஒரு சில நிமிசத்தில, தன்ட டொமைனுக்கு (சைட் பேருக்கு) செர்டிபிகேட், அதாவது பூட்டு வாறதுக்குத் தேவையான அத்தாட்சி, எடுக்கேலும். அது நல்ல வேல, அதாலதான் இண்டைக்கு சின்னச் சின்ன சைட்டெல்லாம் பூட்டோட இரிக்கு. ஆனா கள்ளனுக்கும் டொமைன் இரிக்கே, அவனும் எடுப்பான், எடுத்திட்டான். இப்ப வாற போலி பேங்க் பேஜ், போலி தபால் பேஜ் கனக்கதுக்குப் பூட்டு சோக்கா இரிக்கு.

குரோம்காரங்களுக்கே இது விளங்கித்தான் 2023 செப்டம்பரில பூட்டுப் படத்த எடுத்திட்டு ரெண்டு கோடும் ரெண்டு வட்டமும் போட்ட மாதிரி ஒரு அடையாளத்த வெச்சாங்க. பூட்டக் காணல்ல, என்ட போனுக்கு வைரஸ் வந்திட்டா எண்டு ஓடி வந்தவங்களும் இரிக்காங்க. வைரஸ் இல்ல, படம் மாறிட்டு. பூட்டுப் பேஜ் இப்ப சாதாரணம், பூட்டு இல்லாததுதான் விசேசம், அதுக்கு 2018 ஜூலையில இருந்தே குரோம் 'நொட் செக்கியூர்' எண்டு எழுதிக் காட்டுது.

அப்ப எதப் பாக்கிற?

பேர. அட்ரஸில இருக்கிற டொமைன் பேர, அதையும் சரியான பக்கத்தில இருந்து.

நாம எல்லாரும் இடமிருந்து வலம் வாசிச்சுப் பழகின ஆக்கள், கள்ளன் அதத்தான் புடிச்சிக் கொள்ளுறான். அட்ரஸில எச்டிடிபிஎஸ்க்குப் பக்கத்தில வாற ரெண்டு சாய்வுக் கோட்ட விடுங்க, அதுக்கு அடுத்ததா வாற முதல் தனிக் கோட்டத் தேடுங்க, அதில நிண்டு பின்னுக்கு வாங்க. முதல்ல எல்கே, கொம், டொப் எண்டு ஒரு வால் இரிக்கும், அந்த வாலுக்கு முன்னால ஒட்டிக் கொண்டிருக்கிற சொல்லுதான் சொந்தக்காரன். அதுக்கும் முன்னால என்ன எழுதியிருந்தாலும் அது சும்மா அலங்காரம், சொந்தக்காரன் விரும்பின மாதிரி எழுதிக் கொள்ளுவான்.

இப்ப தபால் திணைக்களத்திட சைட் எஸ்எல்போஸ்ட் டொட் கொவ் டொட் எல்கே. கொவ் டொட் எல்கே எண்ட வால் அரசாங்க இடங்களுக்குத்தான். உங்களுக்கு ஒரு எஸ்எம்எஸ் வருது, 'உங்கட பார்சல் அட்ரஸ் பிழையால நிக்கிது, சின்ன ஃபீ ஒண்டு கட்டுங்க' எண்டு. லிங்க் எஸ்எல்போஸ்ட் டொட் கொவ் டொட் எல்கே டொட் ட்ராக்கிங் டொட் டொப் எண்டு போகுதெண்டு வெச்சிக் கொள்ளுங்க. முன்னுக்கு இருந்து வாசிச்சா தபால் கந்தோர். பின்னுக்கு இருந்து வாசிச்சா சொந்தக்காரன் 'ட்ராக்கிங் டொட் டொப்', ஆரெண்டே தெரியாத ஒருத்தன். உள்ள போனா சிவப்பு நிறம், லோகோ, பூட்டு எல்லாம் பக்காவா இரிக்கும், கார்ட் நம்பரக் குடுத்த உடன ஓடிபியும் கேப்பான். நீங்க குடுத்தா அந்த ஓடிபி ரொம்பப் பாதுகாப்பா, ஒருத்தரும் இடையில பாக்காம, நேரா கள்ளன்ட கையில போய்ச் சேரும். என்கிரிப்சன் தன்ட வேலயச் சரியாத்தான் செஞ்சிரிக்கு.

போனில இன்னொரு தொல்ல, அட்ரஸ் பார் சின்னனாக் கிடக்கிறதால முழுப் பேரும் தெரியாது. அதில தட்டி, இழுத்துப் பாருங்க. அது கரைச்சல் எண்டா லேசான வழி: பேங்க் விசயம் எதுக்கும் எஸ்எம்எஸ்ல வந்த லிங்க்கத் தொடாதீங்க, ஆப்ப நீங்களே திறங்க, இல்லாட்டி அட்ரஸக் கையால அடிங்க.

அறுகம்பையில, கல்முனையில கடை வைஃபைல பேங்க் வேல செய்யேலுமா?

இப்ப கூடுதலா ஏலும், முந்தி ஏலாது. 2010ல ஃபயர்ஷீப் எண்டு ஃபயர்பொக்ஸுக்கு ஒரு சின்ன எக்ஸ்டென்சன் வந்தது, ஒப்பின் வைஃபைல பக்கத்து மேசையில இருக்கிறவன்ட பேஸ்புக் எக்கவுண்டுக்குள்ள ஒரு கிளிக்கில போகலாம், ஏனெண்டா லொகின் பண்ணுறது மட்டும் எச்டிடிபிஎஸ், மறுகா மிச்சம் முழுக்க வெறும் எச்டிடிபி. அத வெளியில விட்டவர் உலகத்துக்குக் காட்டத்தான் விட்டவர். அதுக்குப் பிறகுதான் பெரிய கொம்பனிகள் கெதியா மாறினது, 2013க்கு வரக்குள்ள பேஸ்புக் எல்லாருக்கும் முழு நேரமும் எச்டிடிபிஎஸ் போட்டிட்டு.

இண்டைக்கு கெஸ்ட் ஹவுஸ் வைஃபைக்காரனால உங்கட பேங்க் பாஸ்வேர்டப் பாக்க ஏலாது. நீங்க எந்த பேங்க் சைட்டுக்குப் போற எண்டது தெரியலாம். ஒரு கண்டிசன், பிரவுசர் சிவப்பா வோர்னிங் பேஜ் ஒண்டக் காட்டினா 'பரவால்ல, போ' எண்டு தட்டிட்டுப் போகக் கூடாது. வெளி வைஃபைல அந்த வோர்னிங் வந்தா ஆரோ நடுவில நிக்கிறான் எண்டு எடுத்துக் கொண்டு வைஃபைய நிப்பாட்டிட்டு டேட்டாவப் போடுங்க. கெஸ்ட் ஹவுஸ்காரத் தம்பிக்கும் ஒண்டு: ரவுட்டருக்கு அடியில ஒட்டியிருக்கிற அட்மின் பாஸ்வேர்ட மாத்துடா, அது உன்ட வேல.

சிம் கொம்பனிக்கு நான் என்ன பாக்கிற எண்டு தெரியுமா?

சைட்ட தெரியும், பேஜ் தெரியாது. யூடியூபுக்குப் போனது தெரியும், என்ன வீடியோ எண்டு அட்ரஸப் பாத்துச் சொல்ல ஏலாது. எத்தின மணிக்கு, எவ்வளவு எம்பி எண்டதெல்லாம் தெரியும், டேட்டாக் கணக்கே அதுதானே.

சைட் பேர் எப்பிடித் தெரியும் எண்டு கேட்டா, ரெண்டு இடத்தால ஒழுகுது. முதல்ல போன் 'இந்தப் பேருக்கு நம்பர் என்ன' எண்டு டிஎன்எஸ் செர்வரக் கேக்கும், அது வழமையா பச்சையாப் போற கேள்வி. மறுகா டிஎல்எஸ் தொடங்கிற முதல் மெசேஜில 'நான் இன்ன சைட்டுக்கு வந்திரிக்கன்' எண்டு பேர் வெளியாலயே எழுதியிருக்கும். ஆண்ட்ராய்ட் 9ல இருந்து செட்டிங்ஸில பிரைவேட் டிஎன்எஸ் எண்டு ஒண்டு இரிக்கு, அதப் போட்டா முதல் ஓட்ட அடைபடும். ரெண்டாவத அடைக்கிற முறையும் மெல்ல மெல்ல வருது, எல்லா சைட்டிலயும் இன்னும் இல்ல.

இத நம்மட ஆக்களுக்குப் புதுசாச் சொல்லத் தேவல்ல. 2018 பெப்ரவரி கடைசியில அம்பாறை டவுனில கொத்துக் கடைப் பிரச்சின, அதுக்குப் பிறகு கண்டிப் பக்கம் திகனயில கலவரம், மார்ச் மாசம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாத்தையும் அரசாங்கம் நாடு முழுக்க நிப்பாட்டினது. 2019 ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகும் நிண்டது, இஞ்ச சீயோன் சேர்ச்சில அடிபட்ட குடும்பங்கள் ஆக்களத் தேடித் திரிஞ்ச அதே நேரம். 2022 ஏப்ரலிலயும் நிண்டது. அப்ப எச்டிடிபிஎஸ் இருக்கத்தானே செஞ்சது, எப்பிடி நிப்பாட்டினாங்க? உள்ளுக்குள்ள என்ன போகுது எண்டு அவங்களுக்குத் தேவல்ல, எங்க போகுது எண்டு தெரிஞ்சாலே வழிய மறிக்கலாம்.

அப்ப விபிஎன் போட்டா முழுசாப் பாதுகாப்பா?

விபிஎன் எண்டா உங்கட போக்குவரத்த முழுக்க வேறொருத்தன்ட செர்வரால சுத்தி அனுப்புற ஆப். சிம் கொம்பனிக்கு மறையும், விபிஎன்காரனுக்குத் தெரியும். நம்பிக்கைய ஒரு இடத்தில இருந்து இன்னொரு இடத்துக்கு மாத்துறீங்க, அவ்வளவுதான். 2019ல அந்தத் தடையத் தாண்ட ஊரே ஃப்ரீ விபிஎன் இறக்கினது, அதில கனபேர் அத இன்னும் அழிக்கல்ல, பின்னால ஓடிக் கொண்டே கிடக்கு. ஆர் நடத்துறான் எண்டு தெரியாத ஃப்ரீ விபிஎன்ன அழிச்சிருங்க. போலி பேஜில கார்ட் நம்பர் குடுக்கிறத எந்த விபிஎன்னும் தடுக்காது.

பிரவுசரில இன்கோக்னிட்டோ எண்டு தனி ஜன்னல் ஒண்டு இரிக்கே, அது?

உங்கட போனில ஹிஸ்டரி நிக்காது, அதுக்கு மட்டும்தான். மனிசி பாக்க மாட்டா, சிம் கொம்பனி பாக்கும்.

நான் சாரி தேடினா ஒடன பேஸ்புக்ல சாரி விளம்பரம் வருது. ஆரும் ஒட்டுக் கேக்காங்களா?

ஒட்டுக் கேக்கத் தேவையே இல்ல ராத்தா. நீங்க போன கடை சைட்டுக்குள்ளயே பேஸ்புக்கிட, கூகிளிட சின்னப் புரோகிராம் ஒண்டு போட்டிருப்பாங்க, கடைக்காரனே விரும்பிப் போட்டது. உங்கட பிரவுசர் அந்தக் கடையோடயும் எச்டிடிபிஎஸ்ல கதைக்கும், பேஸ்புக்கோடயும் எச்டிடிபிஎஸ்ல கதைக்கும். களவெடுத்த ஆள் ஒருத்தரும் இல்ல, பகிர்ந்த ஆக்கள்தான் இரிக்காங்க. என்கிரிப்சன் நடுவில நிக்கிறவனத்தான் மறிக்கும், அந்தப் பக்கம் நிக்கிறவன இல்ல.

வட்ஸ்அப்பும் இதுதானே?

ஒரு படி மேல. சாதாரண எச்டிடிபிஎஸ்ல செர்வரில போய்த் திறபடும், அந்தக் கொம்பனிக்கு வாசிக்கேலும். வட்ஸ்அப்ல 2016ல இருந்து அனுப்புற போனில பூட்டி வாங்குற போனிலதான் திறக்கும், நடுவில கொம்பனிக்கும் மெசேஜ் தெரியாது. ஆனா பெக்கப் வேற கதை, கூகிள் டிரைவில கிடக்கிற பெக்கப்புக்கு அந்தப் பூட்டு தானா வராது, 2021ல இருந்து செட்டிங்ஸில போய் நீங்களே போடலாம்.

இஞ்ச கூடுதலா நடக்கிறது இதில ஒண்டும் இல்ல. கட்டாரில இருக்கிற மச்சான்ட நம்பரில இருந்து மெசேஜ் வரும், 'பிழையா உங்களுக்கு ஒரு கோட் வந்திட்டு, அத அனுப்புங்க' எண்டு. அனுப்புறது மச்சான் இல்ல, அவர்ட வட்ஸ்அப்ப முதலே புடிச்ச கள்ளன். அனுப்பினா உங்கட வட்ஸ்அப்பும் கள்ளன்ட போனில ஓடும், மறுகா உங்கட பேரில உங்கட சொந்தக்காரருக்கெல்லாம் 'அவசரமா சல்லி வேணும்'. வட்ஸ்அப்பில டூ ஸ்டெப் வெரிபிகேசன் எண்டு ஆறு நம்பர் பின் ஒண்டு இரிக்கு, இதத் திறந்து வெச்சிக் கொண்டே போட்டிருங்க.

கொமியூனிகேசனில (போட்டோகொப்பி, இன்டர்நெட் கடையில) போய் அப்ளிகேசன் போடுறன், அது பிரச்சினையா?

இத ஆரும் கேக்கிறல்ல, நானா எழுதுறன், ஏனெண்டா எனக்கு இதுதான் பெரிய கவல.

வேலைக்கோ கம்பஸுக்கோ அப்ளை பண்ணக் கொமியூனிகேசன் கடைக்குப் போறீங்க. ஐடென்டிகார்ட் ரெண்டு பக்கமும் ஸ்கேன், பேர்த் செர்டிபிகேட், பேங்க் புக் முன் பக்கம். அரசாங்க சைட் எச்டிடிபிஎஸ், போற வழி சுத்தம். ஆனா அந்தக் கம்பியூட்டரிட டெஸ்க்டொப்பப் பாருங்க, 'ஸ்கேன் 1', 'ஸ்கேன் 2', 'என்ஐசி புதுசு' எண்டு போன மாசம் வந்த ஆக்கள்ட ஐடி வரைக்கும் வரிசையாக் கிடக்கும். கடைக்காரன் கள்ளன் எண்டு சொல்லல்ல, பாவம், அழிக்க நேரமில்ல. அடுத்ததா வந்து இருக்கிறவனுக்கு பென் டிரைவ் ஒண்டு போதும். வட்ஸ்அப் வெப்ல ஃபைல் எடுத்திட்டு லொக் அவுட் பண்ணாமப் போன ஆக்களிட மெசேஜ் முழுக்கத் திறந்து கிடக்கிறதையும் கண்டிரிக்கன். கீ லொகர் எண்டு ஒளிச்சு நிண்டு பதியிற புரோகிராம் இருந்தா நீங்க அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் பூட்டுறதுக்கு முதலே பதிஞ்சிரும்.

வேல முடிஞ்சா கடைக்காரர்ட்ட சொல்லி, அவருக்கு முன்னாலயே ஃபைல அழிச்சு, ரீசைக்கிள் பின்னயும் காலியாக்கி, ஈமெயில லொக் அவுட் பண்ணிட்டு எழும்புங்க. வெக்கப்படத் தேவல்ல. பேங்க் லொகின் மட்டும் அங்க வேணவே வேணாம்.

சைட்டுக்குள்ள போய்ச் சேந்த தகவல் பத்திரமா?

அது அந்த இடத்துப் பராமரிப்பப் பொறுத்தது. 2023ல லங்கா கவர்மெண்ட் கிளவுட் எண்ட அரசாங்க செர்வர்கள்ல ரான்சம்வேர் (ஃபைல்களப் பூட்டிட்டுக் காசு கேக்கிற வைரஸ்) அடிச்சு, கிட்டத்தட்ட 5,000 அரசாங்க ஈமெயில் எக்கவுண்டுகளிட மே மாசத்தில இருந்து ஓகஸ்ட் வரைக்குமான மெயில் இல்லாமப் போனது, அந்தக் காலத்துக்கு பெக்கப் இல்ல. இதில எச்டிடிபிஎஸ்க்கு ஒரு சம்பந்தமும் இல்ல. அதால ஒரே பாஸ்வேர்ட எல்லா இடத்திலயும் போடாதீங்க, ஒரு இடம் உடைஞ்சா அவன் அதே பாஸ்வேர்டக் கொண்டு போய் உங்கட ஈமெயிலத்தான் முதல்ல தட்டிப் பாப்பான்.

'யுவர் கனெக்சன் இஸ் நொட் பிரைவேட்' எண்டு வருது, தட்டிட்டுப் போகலாமா?

முதல்ல போனிட திகதியப் பாருங்க. பெட்டரி செத்துக் கிடந்த போன் பழைய வருசத்தக் காட்டிக் கொண்டிருக்கும், செர்டிபிகேட்டுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் இரிக்கு, அதோட பொருந்தாட்டி பிரவுசர் மறுக்கும். திகதியத் திருத்தினா முடிஞ்சிட்டு.

எல்லா சைட்டும் நல்லா இரிக்கு, ஒண்டு மட்டும் இப்பிடி எண்டா, அந்த சைட்காரன் செர்டிபிகேட்டப் புதுப்பிக்க மறந்திருப்பான். சும்மா வாசிக்கிற பேஜ் எண்டா அடுத்த நாள் பாருங்க, லொகின் எண்டா தொடவே வேணாம். மிச்சம் பழைய செகண்ட் ஹேண்ட் போன் எண்டா இன்னொரு காரணம் இரிக்கு, ஆண்ட்ராய்ட் 7.1.1க்கு முந்தின போன்களிட நம்பிக்கை லிஸ்டில லெட்ஸ் என்கிரிப்டிட புது ரூட் (மத்த செர்டிபிகேட்டுகள நம்பச் சொல்லுற அடி செர்டிபிகேட்) இல்ல, ஒரு குறுக்கு வழியால கொஞ்ச காலம் ஓட்டினாங்க, அதுவும் 2024ல முடிஞ்சிட்டு. அந்தப் போனில பேங்க் வேல செய்யாம, புள்ளைக்குக் கேம் விளையாடக் குடுங்க.

செர்டிபிகேட் குடுக்கிற கொம்பனியே பிழை விட்டா?

விட்டிருக்கு. 2011ல நெதர்லாந்தில டிஜிநோட்டார் எண்ட கொம்பனிய ஹேக் பண்ணி கூகிள் பேரில போலி செர்டிபிகேட் எடுத்தாங்க, ஈரானில இருந்த ஆக்களிட ஜிமெயில வாசிக்க அது பயன்பட்டது. பிரவுசர்கள் அந்தக் கொம்பனிய லிஸ்டில இருந்து தூக்கின உடன, அதே வருசம் அது வங்குரோத்து. இப்ப குடுக்கிற செர்டிபிகேட்டுகள எல்லாரும் பாக்கிற மாதிரி பொதுப் பதிவில போட வேண்டி வெச்சிருக்காங்க, கள்ளத்தனம் கெதியா வெளிக்கும். 2019ல கசகஸ்தான் அரசாங்கம் தன்ட ரூட் செர்டிபிகேட்ட போனில போடச் சொல்லி ஆக்களக் கேட்டது, போட்டா நடுவில நிண்டு வாசிக்கேலும், குரோம், ஃபயர்பொக்ஸ், சபாரி மூண்டும் அதத் தடுத்திட்டு. உங்களுக்கு இதில உள்ள பாடம் சின்னது, ஆரும் 'இந்த செர்டிபிகேட்ட இன்ஸ்டோல் பண்ணுங்க' எண்டு ஃபைல் அனுப்பினா போடாதீங்க. வட்ஸ்அப்ல வாற ஏபிகே ஃபைலும் (ஆப் இன்ஸ்டோல் பண்ணுற ஃபைல்) அப்பிடித்தான், பேங்க் ஆப், லோன் ஆப் எண்டு என்ன பேர் இருந்தாலும் சரி.

காசு போயிட்டு. இப்ப என்ன செய்யிற?

ஃபேஸ்புக்ல போஸ்ட் போட முதல் பேங்க் ஹொட்லைனுக்கு அடிங்க, கார்டுக்குப் பின்னால இரிக்கிற நம்பர், எஸ்எம்எஸ்ல வந்த நம்பர் இல்ல. கார்ட பிளொக் பண்ணச் சொல்லுங்க. வேற போன் ஒண்டில இருந்து ஈமெயில் பாஸ்வேர்ட மாத்துங்க. அந்த எஸ்எம்எஸ்ஸ அழிக்காதீங்க, ஸ்கிரீன்சொட் எடுத்து வெச்சு பொலிசில முறைப்பாடு குடுங்க, 2007ம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டம் இதுக்குத்தான் இரிக்கு. நாட்டிட கம்பியூட்டர் பாதுகாப்பப் பாக்கிற ஸ்ரீலங்கா சேர்ட்டுக்கும் அறிவிக்கலாம்.

மருதமுனையில கைத்தறிச் சாரிக் கடைக்கு சைட் செய்யிறன், பூட்டுக்கு வருசா வருசம் தனியாக் காசு கேக்காங்க. குடுக்கிறதா?

எதுக்கெண்டு கேளுங்க. லெட்ஸ் என்கிரிப்ட் சும்மா கிடைக்கும், 90 நாளைக்கு ஒருக்கா முடிஞ்சாலும் ஹொஸ்டிங்கில தானாப் புதுப்பிக்கும், கனக்க ஹொஸ்டிங்ல ஒரு பட்டன்தான். கொம்பனிப் பேர் பச்சையில வாற செர்டிபிகேட் எண்டு விலை கூடினத விக்கப் பாப்பாங்க, குரோமும் ஃபயர்பொக்ஸும் 2019லயே அந்தப் பேர அட்ரஸ் பாரில இருந்து எடுத்திட்டு, வாடிக்கையாளர்ட கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அந்தச் சல்லிக்கு நல்ல வெளிச்சத்தில சாரிப் படம் எடுத்துப் போடுங்க. கார்ட் பேமெண்ட நீங்களே வாங்கி வெச்சிக் கொள்ளாதீங்க, பேங்கிட பேமெண்ட் பேஜுக்கு அனுப்பி விடுங்க, கஸ்டமர்ட கார்ட் நம்பர் உங்கட சைட்டில ஒரு நாளும் நிக்கக் கூடாது.